அளவறிந்து கூட்டும் மருந்து

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பர். புற்றுநோய் மருந்துகளுக்கு இம்மொழி மிகவும் பொருந்தும்.

கருப்பையின் உட்சுவரில் தோன்றும் புற்றுநோய், சிகிச்சைக்கு அடங்கிய பின் மீண்டும் தலைதூக்குமாயின் அதனை வெல்லுதல் அரிது. ஆதலின் வைத்திய ஆராய்ச்சியாளர் இரு மருந்துகளை ஒருங்கே வழங்கிப் பார்த்தனர். லென்வாட்டினிப் என்னும் குளிகை, கட்டிக்குப் புதிய இரத்தக் குழாய்கள் வளர்வதைத் தடுக்கின்றது. ஊசிமூலம் நாளத்திற் செலுத்தப்படும் பெம்ப்ரோலிசுமாப், உடலின் காவலணுக்களைப் புற்றுநோய் பூட்டிவைத்த தளையை அவிழ்க்கின்றது.

இவ்விரண்டும் கூடினால் உடல் தாங்குமா? முதற்கட்டப் பரிசோதனை முதலில் வினவுவது இதனையே. நோய் தணியுமா என்பது அடுத்த வினா. பல்வகைப் புற்றுநோயுடையோர் 13 பேர் அதிற் பங்குகொண்டனர். நாளொன்றுக்கு 24 மில்லிகிராம் லென்வாட்டினிப் பெற்ற மூவருள் இருவரிடம் கடும் மூட்டுவலி, சோர்வு ஆகிய தீங்குகள் தோன்றின. அளவு 20 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டது. அதனைப் பெற்ற பதின்மருள் எவருக்கும் அக்கட்டத்தில் அத்தகைய தீங்கு நேரவில்லை.

இந்த அளவைக் கொண்டே பின்னர் 827 பெண்களிடையே பெரும் பரிசோதனை நடைபெற்றது. 2022இல் வெளியான முடிவின்படி, இரு மருந்தும் பெற்றோருட் பாதிப்பேர் 18.3 மாதங்களைக் கடந்து வாழ்ந்தனர். வழக்கமான மருந்து பெற்றோரிடையே அவ்வெல்லை 11.4 மாதங்களே. தீங்குகள் முற்றும் அகன்றுவிடவில்லை. பலருக்கு அளவை மேலும் குறைக்க நேர்ந்தது.

எனினும், தொடங்குதற்குரிய அளவைக் காட்டித் தந்தவர்கள், தமக்குப் பயன் கிட்டுமென்ற உறுதியின்றி முன்வந்த அந்தப் பதின்மூவரேயாவர்.