அறிவைப் பொதுவாக்கிய சிறுநாடு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டுதோறும் இம்மேடையில் கற்றறிந்த புலவர்கள் பேசுவது வழக்கம். இவ்வாண்டு வருவதாக இருந்த அன்பர் வர இயலாமற் போகவே, செயற்குழுவினர் அப்பொறுப்பை நம்மிடம் ஒப்புவித்துவிட்டனர். பள்ளியிறுதியோடு படிப்பை நிறுத்திவிட்டு இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் குமாஸ்தாவுக்கு 'அறிவுப் பொருளாதாரம்' என்னும் பெருந்தலைப்பு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். அந்த ஐயம் நமக்கும் உண்டு. ஆயினும் நாம் சொல்ல வந்தது ஒரு சிறு நாட்டின் வரலாறு. சிறியவர்களைப் பற்றிச் சிறியவர்கள் பேசுவதில் தவறொன்றும் இல்லை அல்லவா?

முதலில் தலைப்பைத் தெளிவாக்கிக் கொள்வோம். நிலத்தை உழுது பொருள் ஈட்டுவது ஒரு வகை. ஆலையில் நெய்தும் வார்த்தும் ஈட்டுவது இன்னொரு வகை. மனிதர் கற்ற அறிவையே விளைபொருளாகக் கொண்டு ஒரு நாடு பிழைப்பது மூன்றாம் வகை. இரயில்வேக்காரர் மொழியில் சொன்னால், சரக்கு வண்டியில் ஏற்ற வேண்டாத சரக்கு அது. அதற்கு வேகன் வேண்டா, துறைமுகம் வேண்டா, கற்றவர்கள் வேண்டும். அத்தகைய பொருளாதாரத்தைத் தன் கையால் கட்டிக்கொண்ட நாடு ஒன்று ஐரோப்பாவின் வடபகுதியில், பால்டிக் கடலோரத்தில் இருக்கிறது. அதன் பெயர் எஸ்தோனியா.

பரப்பளவில் அது சுமார் 45,000 சதுர கிலோமீட்டர்; நம் தமிழ்நாட்டில் மூன்றிலொரு பங்கு. மக்கள் தொகை ஏறத்தாழ 13 இலட்சம். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மதுரை மாவட்டத்தில் மட்டும் 30 இலட்சத்துக்கு மேற்பட்டோர் உளர் என்பதை நினைத்தால் அந்நாட்டின் அளவு விளங்கும். அது 1940ஆம் ஆண்டில் சோவியத் ஆட்சிக்குள் கொண்டுவரப்பட்டது. 1991 ஆகஸ்டு 20ஆம் நாள் தன் விடுதலையை மீட்டுக்கொண்டது.

மீட்டபோது கையில் என்ன இருந்தது? 1992 ஜூன் மாதத்தில் ரூபிளை விலக்கித் தன் சொந்த நாணயமாகிய குரோனை வெளியிட்டது. அப்போது ஒவ்வொருவரும் 1,500 ரூபிள் வரை கொடுத்து 150 குரோன் பெற்றுக்கொண்டனர். தலைக்கு நூற்றைம்பது! பெரிய வீட்டாரும் சிறிய வீட்டாரும் ஏறக்குறைய ஒரே வரிசையில் நின்று புதுக்கணக்குத் தொடங்கிய நாடு அது. ஆயினும் முதல் இல்லாத நாடு என்று சொல்லிவிடலாகாது. 1632ஆம் ஆண்டில் தோன்றிய தார்த்துப் பல்கலைக்கழகம் இருந்தது. தலைநகராகிய தாலினில் 1960ஆம் ஆண்டு முதல் கணிப்பொறி ஆராய்ச்சி செய்துவந்த சைபர்னெட்டிக்ஸ் நிலையம் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, எழுதப் படிக்கத் தெரிந்த மக்கள் இருந்தனர்.

இந்த இடத்தில் ஒருவரை அறிமுகப்படுத்த விரும்புகிறோம். தோமஸ் ஹென்றிக் இல்வெஸ் என்பது அவர் பெயர். தாய்நாட்டை விட்டு வெளியேறிய பெற்றோருக்கு 1953ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோமில் பிறந்து, அமெரிக்காவில் வளர்ந்தவர். பள்ளிப் பருவத்திலேயே, கணித ஆசிரியையின் ஆர்வத்தால், கணிப்பொறிக்கு நிரல் எழுதக் கற்றார். வேற்று மண்ணில் வளர்ந்தும் தாய்மொழியை விடவில்லை. நாடு விடுதலை அடைந்ததும் அமெரிக்காவில் அதன் தூதரானார். பின்னர் 2006 முதல் 2016 வரை அந்நாட்டின் குடியரசுத் தலைவராகவும் விளங்கினார். புலம்பெயர்ந்தவர் வீட்டுப் பிள்ளை தன் இனத்துக்கு என்ன செய்ய முடியும் என்பதற்கு அவர் வாழ்க்கை ஒரு சான்று. விந்தியத்துக்கு இப்பால் பிள்ளைகளை வளர்க்கும் நாம் இதை நெஞ்சில் இருத்த வேண்டும்.

பள்ளிகள் அனைத்துக்கும் கணிப்பொறியும் இணையமும் தர வேண்டும் என்ற கருத்தை இல்வெஸும் கல்வி அமைச்சராயிருந்த யாக் ஆவிக்சோவும் முன்வைத்தனர். 1996 பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் லென்னார்ட் மெரி அதைத் திட்டமாக அறிவித்தார். 'புலிப் பாய்ச்சல்' என்று அதற்குப் பெயர். எதிர்ப்பு இல்லாமல் இல்லை. "கூரை ஒழுகும் பள்ளிக்குக் கணிப்பொறி ஒரு கேடா?" என்று நம் ஊரில் கேட்பது போன்ற கேள்விகள் அங்கும் எழுந்தன. அரசும் உள்ளூராட்சி மன்றங்களும் செலவைப் பகிர்ந்துகொண்டன. ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தனர். சில ஆண்டுகளுக்குள் நாட்டின் பள்ளிகள் அனைத்தும் இணையத்தில் இணைந்துவிட்டன.

நாம் வியப்பது கருவியை அவர்கள் கொண்டுபோய் வைத்த இடத்தை எண்ணித்தான். தலைநகரின் பெரிய மாளிகையோடு நிறுத்தாமல் கிராமப் பள்ளிக்குக் கொண்டு சென்றனர். ஊர் நூலகத்திலும் வைத்தனர். பள்ளியைத் தாண்டிவிட்ட பெரியவர்களை என்ன செய்வது? 2001ஆம் ஆண்டில் வங்கிகளும் தொலைபேசி நிறுவனங்களும் சேர்ந்து 'உலகைப் பார்' என்னும் அறநிறுவனத்தைத் தொடங்கின. ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட முதியோர்க்கும் நடுவயதினர்க்கும் கணிப்பொறியைத் தொடவும் இயக்கவும் கற்பித்தனர். 13 இலட்சம் பேர் உள்ள நாட்டில் அது எத்தனை பெரிய வகுப்பு என்று எண்ணிப் பாருங்கள்!

மற்றவையும் அடுத்தடுத்து வந்தன. 2000ஆம் ஆண்டு முதல் வருமான வரிக் கணக்கை இணையத்தில் கொடுக்கலாயினர். 2001இல் அரசின் பல்வேறு பதிவேடுகளை ஒன்றோடொன்று பேச வைக்கும் 'எக்ஸ் ரோடு' என்னும் பாதையை அமைத்தனர். 2002இல் கணிப்பொறிக் கையொப்பமிடும் வசதியோடு அடையாள அட்டை வந்தது. 2005இல் உள்ளாட்சித் தேர்தலில் நாடு முழுவதும் இணைய வழியில் வாக்களிக்கும் உரிமை தந்தனர். உலகில் அதுவே முதல் முறை. 2023ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் பாதிக்கு மேற்பட்ட வாக்குகள் அவ்வழியே விழுந்தன.

குடிமகனிடம் ஒரு முறை கேட்டுப் பெற்ற செய்தியை அரசு மறுமுறை கேட்கலாகாது என்பது அங்கே ஆட்சியின் கொள்கை. இதைப் படித்தபோது எங்களைப் போன்ற குமாஸ்தாக்களுக்கு உண்டாகும் உணர்ச்சியைச் சொல்லில் அடக்க முடியாது. தந்தை பெயர் என்ன, பிறந்த நாள் எது, குடும்பத்தில் எத்தனை பேர் என்று ஒரே மனிதரிடம் ஒன்பது படிவங்களில் கேட்டுக் கேட்டே எங்கள் பேனா தேய்ந்திருக்கிறது. அங்கேயோ தன்னைப் பற்றிய மருத்துவக் குறிப்பை எவர் எடுத்துப் பார்த்தார் என்பதைக் குடிமகனே பார்த்துக்கொள்ளலாம். அரசு குடிமகனைப் பார்க்கிறது. குடிமகனும் அரசைப் பார்க்கிறான். நம்பிக்கை என்பது அதுதான்.

அந்நம்பிக்கை சோதனைக்கும் உள்ளாயிற்று. 2007 ஏப்ரல் இறுதியில், சோவியத் கால நினைவுச்சிலை ஒன்றை இடம் மாற்றிய பூசலை ஒட்டி, அரசு, வங்கி, செய்தித்தாள் ஆகியவற்றின் இணையதளங்கள் பல நாள் தாக்குண்டன. 2017ஆம் ஆண்டில் சுமார் 7,50,000 அடையாள அட்டைகளின் சில்லில் குறை இருப்பது தெரியவந்தது. அரசு அதை மூடி மறைக்கவில்லை. மக்களிடம் வெளிப்படையாக அறிவித்துச் சீர் செய்தது. குறை நேர்வது இயல்பு, மறைப்பதுதான் குற்றம்.

இனி வருவாயைப் பார்ப்போம். 2003ஆம் ஆண்டில் தோன்றிய 'ஸ்கைப்' என்னும் பெயரை இங்குள்ள தாய்மார்கள் மறந்திருக்க மாட்டார்கள். கடல் கடந்த பிள்ளையின் முகத்தை முதன்முதலில் கணிப்பொறித் திரையில் காட்டி, நம்மில் பலரை அழ வைத்தது அது. அதனைத் தொடங்கிய இருவர் சுவீடன், டென்மார்க் நாட்டினர். அதன் நிரலை எழுதியவர்களோ ஆஹ்தி ஹெய்ன்லா, பிரீத் காசசாலு, யான் தாலின் முதலிய எஸ்தோனியர்கள். 2005இல் ஈபே நிறுவனம் 260 கோடி டாலருக்கு அதை விலைக்கு வாங்கியது. 2011இல் மைக்ரோசாப்ட் 850 கோடி டாலருக்கு வாங்கியது. 2025 மே மாதத்தில் ஸ்கைப் மூடப்பட்டுவிட்டது. ஆனால் கடை மூடினாலும் கற்ற கை மூடவில்லை. ஸ்கைப்பில் முதல் ஊழியராயிருந்த தாவெத் ஹின்ரிகுஸ், கிறிஸ்தோ கார்மன் என்னும் நண்பரோடு 2011இல் நாடு விட்டு நாடு பணம் அனுப்பும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அதுவே இன்று 'வைஸ்' எனப்படுகிறது. ஆலை மூடினால் இரும்பு துருப்பிடிக்கும். அறிவு வேறோர் ஆலை தேடிக்கொள்ளும்.

எல்லாம் தேனும் பாலும் என்று சொல்ல வரவில்லை. 1989ஆம் ஆண்டில் 15 இலட்சத்தைத் தாண்டியிருந்த மக்கள் தொகை 2021இல் 13 இலட்சமாகக் குறைந்திருந்தது. இளைஞர் பலர் பிழைப்புத் தேடி வெளிநாடு சென்றனர். நாட்டில் ஏறத்தாழ கால் பங்கினருக்குத் தாய்மொழி ருஷ்யம். 2024 முதல் அவர்களுடைய பள்ளிகளையும் எஸ்தோனிய மொழிக்கு மாற்றி வருகின்றனர். அம்மாற்றம் அவர்களுக்கு எளிதன்று என்பதை வேற்றுமொழி நாட்டில் வாழும் நாம் உணர்வோம்.

ஆயினும் ஓர் உண்மை மலைபோல் நிற்கிறது. உலகில் ஏறத்தாழ 11 இலட்சம் பேரே பேசும் மொழி எஸ்தோனியம். அம்மொழியில் பாடம் நடத்தி, படிவம் எழுதி, வாக்குச் செலுத்தி, அவர்கள் இவ்வளவும் செய்தார்கள். 2018ஆம் ஆண்டில் 15 வயது மாணவர்களுக்கு நடந்த பிசா என்னும் பன்னாட்டுத் தேர்வில் படித்தறிதல், கணிதம், அறிவியல் மூன்றிலும் ஐரோப்பாவில் முதலிடம் பெற்றனர். தாய்மொழி பிள்ளைகளின் முன்னேற்றத்துக்குத் தடை என்று நம் காலனியில் அஞ்சும் பெற்றோர்க்கு வேறு விடை வேண்டுமா?

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். நம் இரயில்வேயிலும் 2020ஆம் ஆண்டு முதல் பாஸ் கணிப்பொறி வழியே வருகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் முப்பது ஆண்டு தண்டவாளத்தில் உழைத்த முதியவர் தம் கைப்பேசியை எங்கள் மேசைமேல் வைத்து, "தம்பி, இதிலே எப்படியாவது பாஸ் எடுத்துக் கொடப்பா" என்று நிற்கிறார். முன்பு மனு எழுதித் தரச் சொல்லி நின்றார். இன்று கைப்பேசியோடு நிற்கிறார். கருவி வந்தது, அறிவு அவரிடம் வந்து சேரவில்லை.

அவரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. ஓய்வு பெற்ற அன்பர் ஒருவர் நம் சங்கத்துக்கு நான்கு கணிப்பொறிகள் வழங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. பிள்ளைகள் கை வைத்தால் கெட்டுவிடும் என்று உறை போட்டு, அலுவலக அறையில் பூட்டி வைத்தோம். அந்தத் தீர்மானத்தில் நம் கையொப்பமும் இருக்கிறது, மறைப்பானேன்? இப்பொழுது அவற்றை விற்று மேடைக் கூரை நிதியில் சேர்க்கலாம் என்னும் யோசனை அடுத்த மாதப் பொதுக்குழுவுக்கு வருகிறது. சற்று முன் அழகாக வரவேற்புரை கூறிய குழந்தையின் கையிலிருந்த தாளையும் பார்த்தோம். சொற்கள் தமிழ்; எழுத்தோ தேவநாகரி. குழந்தை மீது குற்றமில்லை. அறையைப் பூட்டியவர்கள் நாம்.

ஆகவே பொதுக்குழுவுக்கு வரும் அன்பர்களை ஒன்று வேண்டுகிறோம். அக்கணிப்பொறிகளை விற்க வேண்டா. மாலைதோறும் இரண்டு மணி நேரம் அறையைத் திறந்து வையுங்கள். முதல் மணியில் பிள்ளைகள் தமிழ் எழுத்தைக் கையாலும் கணிப்பொறியாலும் எழுதக் கற்கட்டும். இரண்டாம் மணியில் பாஸ் எடுக்கவும் ஓய்வூதியக் கணக்குப் பார்க்கவும் பெரியவர்கள் கற்கட்டும். கல்லூரியில் பயிலும் நம் காலனிப் பெண்களும் பிள்ளைகளும் அவர்களுக்குக் கற்பிக்கட்டும். ஒன்றிரண்டு கருவிகள் கெட்டால் கெடட்டும். பழுது பார்க்கும் செலவில் முதல் பங்கு எங்கள் அலுவலகத் தமிழ் அன்பர்களுடையது என்று இம்மேடையிலேயே உறுதி கூறுகிறோம். கூரை இன்னும் ஓராண்டு பொறுக்கும். பிள்ளையின் வயது பொறுக்காது.

அறிவைப் பொருளாக்கும் முன் அதைப் பொதுவாக்க வேண்டும். தலைக்கு 150 குரோனோடு தொடங்கிய அச்சிறுநாடு நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே. தண்ணீரை ஊருணியில் விட்டால் ஊர் குடிக்கும். குடத்தில் அடைத்துப் பூட்டினால் பாசி பிடிக்கும். சாவி நம் கையில்தான் இருக்கிறது.