வெள்ளைக் கோல் தரும் பாடம்



பார்வையற்றோர் வெள்ளைக் கோலூன்றி நடப்பதைப் பட்டணத்தில் நீங்கள் கண்டிருப்பீர்கள். 1921ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டின் பிரிஸ்டல் நகரில், விபத்தில் பார்வையிழந்த ஒருவர், வாகனமோட்டிகள் தம்மைக் கண்டுகொள்ளும் பொருட்டுத் தமது கோலுக்கு வெள்ளைச் சாயம் பூசினார். அது அவர் ஒருவருக்கு உதவிற்று. 1930ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பியோரியா நகரத்து லயன்ஸ் சங்கத்தார் அதே வெள்ளைக் கோலைக் கையிலெடுத்தனர். அவ்வாண்டே அக்கோலை ஏந்தி வருவோர்க்கு வாகனங்கள் வழிவிட வேண்டுமென்று அந்நகரில் சட்டம் பிறந்தது. தனி மனிதரின் முயற்சிக்கும் சங்கத்தின் முயற்சிக்கும் உள்ள வேறுபாடு இதுவேயாகும்.

பார்வையற்றோர்க்குத் தொண்டு புரிய வருமாறு 1925ஆம் ஆண்டிலேயே அச்சங்கத்தாரை அழைத்தவர், கண்ணும் செவியும் இழந்த ஹெலன் கெல்லர் அம்மையார் ஆவார். உதவி தேவைப்படுவோர் வாய்திறந்து கேட்டார்கள். உதவ வல்லோர் செவிசாய்த்தார்கள்.

நம் தோட்டங்களில் நிலைமை என்ன? உடற்குறையுள்ள பிள்ளையை ஊழ்வினை என்றெண்ணி, லயத்து வீட்டின் பின்னறையிலேயே வைத்துவிடும் பெற்றோர் உண்டு. சக்கர நாற்காலி வழங்கச் சங்கத்தார் முன்வந்தாலும், இருப்பதே தெரியாத பிள்ளையை அவர்கள் எவ்வாறு தேடி வருவர்? குறை பாவமன்று, மறைப்பதுதான் பிள்ளைக்குக் கேடு.

ஆகவே முதற்பணி பதிவு செய்தலாகும். அரசாங்க மருத்துவரின் சான்றுடன் சமூக நல இலாகாவில் பதிந்துகொண்டால் அடையாள அட்டை கிடைக்கும். பதிவு கட்டாயமன்று, எனினும் உதவித் திட்டங்கள் பலவற்றுக்கு அதுவே வாயில். உடற்குறையுடையோரின் உரிமைகளை 2008ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றுக்கொண்டுள்ளது. 1984ஆம் ஆண்டில் திரங்கானுவில் தொடங்கப்பெற்ற சமூக மறுவாழ்வுத் திட்டம் இன்று நாடெங்கும் நடைபெறுகின்றது.

இளைஞர்களே! பட்டணத்துச் சங்கங்கள் வரட்டுமென்று காத்திராதீர்கள். பால்வெட்டு முடிந்த பின் மாதத்தில் ஒரு நாளை ஒதுக்குங்கள். வீடு வீடாகச் சென்று பேசுங்கள். பாரம் நிரப்ப உதவுங்கள். மருத்துவமனைக்குத் துணை செல்லுங்கள். சக்கர நாற்காலி வந்தும் வாசற்படியும் கால்வாயும் தடுத்தால் என்ன பயன்? இரண்டு பலகைகளைச் சரிவாக அமைத்துக் கொடுங்கள். எதைச் செய்யுமுன்னும் அவர்களையே கேளுங்கள். தமக்கு வேண்டியதை அவர்களே நன்கறிவர்.

ஒருவர் பூசிய சாயம் ஒரு கோலை வெளுத்தது. பலர் கூடியபோது சாலையே வழிவிட்டது. நாமும் கூடுவோம்.