ஞானப்பல்லில் ஞானம் எங்கே?

மற்ற பற்களெல்லாம் வந்து ஆண்டுகள் கழிந்தபின், 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில், பெரும்பாலும் வலியோடு முளைக்கிற மூன்றாம் கடைவாய்ப்பல்லைத்தான் ஞானப்பல் என்கிறோம். அறிவுக்கும் இந்தப் பல்லுக்கும் முன்னோர்கள் ஏதோ முடிச்சுப் போட்டிருக்கிறார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். முடிச்சு உண்மைதான், ஆனால் அது அறிவோடு போட்டதல்ல, வயதோடு போட்டது.

ஹிப்போகிரடீஸ் பெயரால் வழங்கும் பழைய கிரேக்க மருத்துவ நூல் ஒன்று மனித வயதை ஏழேழு ஆண்டுகளாகப் பிரிக்கிறது. நான்காம் ஏழில், அதாவது 28 வயதுக்குள், பலருக்கும் இரண்டு பற்கள் முளைக்கும், அவற்றுக்கு ‘சோஃப்ரோனிஸ்தேரெஸ்’ என்று பெயர் என்கிறது. நிதானத்துக்குக் கொண்டுவருபவை என்று பொருள். ஏதென்ஸில் 18 வயதில் படைப்பயிற்சிக்கு வந்த இளைஞர்களை நெறிப்படுத்த, குலத்துக்கு ஒருவராக நியமிக்கப்பட்ட அதிகாரியின் பதவிப்பெயரும் இதே வேரிலிருந்து வந்ததுதான். விளையாட்டுப் பிள்ளை பொறுப்புள்ளவனாகும் பருவம் எதுவென்று அவர்கள் கருதினார்களோ, அந்தப் பருவத்தின் அடையாளமே பல்லுக்கும் ஒட்டிக்கொண்டது. 11ஆம் நூற்றாண்டில் மருத்துவர் இப்னு சீனா இன்னும் வெளிப்படையாகவே எழுதினார்: பருவமடைந்த பிறகு, ஏறக்குறைய 30 வயதுக்குள் முளைப்பதால்தான் இவை விவேகப் பற்கள் எனப்படுகின்றன. அவருடைய மருத்துவ நூல் 12ஆம் நூற்றாண்டில் தொலேதோ நகரில் லத்தீனுக்குப் போனது. இந்தப் பல்லின் லத்தீன் பெயருக்கு நேர் மொழிபெயர்ப்புகளே இன்று ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் வழங்குகின்றன. நம் ஞானப்பல்லும் அந்த வரிசையில் வந்து சேர்ந்ததுதான்.

மூளை இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்கிறது என்று இன்றைய அறிவியல் சொல்கிறதே, முன்னோர்கள் அதை அறிந்துதானே பெயர் வைத்திருப்பார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது, ஆதாரம்தான் இல்லை. அரிஸ்டாட்டில் இதே பல்லை வேறு பெயரால், வரிசையை நிறைவு செய்வது என்ற பொருளில் அழைத்தார். எண்பது வயதுப் பெண்களுக்கும் முளைத்ததுண்டு என்று குறிப்பிட்டவர் அவர். அறிவைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. துருக்கியர் ‘இருபது வயதுப் பல்’ என்று நேராகவே சொல்லிவிடுகிறார்கள். கொரியர்களுக்கு இது காதல் பல். ஜப்பானியர்களுக்கோ பெற்றோர் அறியாதது. பிள்ளை அவர்கள் கண்காணிப்பை விட்டு விலகிய பிறகு முளைப்பதாம். ஞானம், காதல், பெற்றோரைப் பிரிதல் என்று பெயர்கள் எங்கெங்கோ போனாலும், எல்லாமே சுட்டுவது ஒரே பருவத்தை.

சிலருக்கு இந்தப் பல் முளைப்பதே இல்லை. அதனால் அவர்கள் அறிவில் எந்தக் குறையும் வந்துவிடவில்லை.