தூரிகையும் தொழிலும்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



வயிற்றுக்காகச் செய்யும் வேலை, உள்ளத்தில் இருக்கும் கலையைக் கொன்றுவிடுமா? அலுவலகத்திலிருந்து நேரே கவியரங்கிற்கு வருகின்ற நம்மில் பலருக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வியன்று. விடை தேட ஓர் ஓவியரின் வாழ்வைத் துணைக்கு அழைக்கிறேன். திரைமேதையென உலகம் போற்றும் சத்யஜித் ராய், அதற்கு முன் விளம்பர நிறுவனமொன்றில் மாதச் சம்பளம் வாங்கிய வடிவமைப்பாளர்.

1921இல் கல்கத்தாவில் அவர் பிறந்த வீட்டிலேயே அச்சகமும் இருந்தது. பாட்டனார் உபேந்திரகிஷோர், படங்களை நுட்பமாக அச்சிடும் முறைகளை ஆராய்ந்தவர். 1913இல் 'சந்தேஷ்' என்னும் சிறுவர் இதழைத் தொடங்கியவர். தந்தை சுகுமார் ராய், நகைச்சுவைப் பாடல்களும் அவற்றுக்கான சித்திரங்களும் படைத்தவர். அவர் 1923இல் மறைந்தார். குழந்தையோ அச்சுக்கூடத்தில் திரிந்தது. தான் கிறுக்கிய தாளைப் பணியாளரிடம் நீட்டி, 'சந்தேஷ்' இதழில் வெளியிடக் கேட்டது. சில ஆண்டுகளில் அச்சகம் கைவிட்டுப் போயிற்று. தாயும் மகனும் மாமன் வீட்டை அடைந்தனர். அச்சகம் போயினும் ஆசை போகவில்லை.

1940இல் சாந்திநிகேதனத்துக் கலாபவனில் சேர்ந்து, நந்தலால் போஸ், பினோத் பிகாரி முகர்ஜி ஆகியோரிடம் பயின்றார். படிப்பை முடிக்காமலே திரும்பி, 1943இல் டி. ஜே. கீமர் என்னும் பிரிட்டிஷ் விளம்பர நிறுவனத்தில் அமர்ந்தார். சம்பளம் மாதம் 80 ரூபாய்.

விளம்பரத்தில் இடம் சிறிது. பார்ப்பவர் கண் அதில் தங்கும் நேரம் அதனினும் சிறிது. எனவே, வேண்டாத கோட்டை நீக்கியாக வேண்டும். வேண்டாத சொல்லை நீக்கும் கவிஞனுக்கு இந்தப் பயிற்சியின் அருமை தெரியும். ஆயினும் அங்கே இறுதி முடிவு, பணம் கொடுத்தவருடையது. அந்தத் தளை இல்லாத இடமாக அமைந்தது, உடன் பணியாற்றிய டி. கே. குப்தா தொடங்கிய சிக்னெட் பிரஸ். ஜவாஹர்லால் நேருவின் 'டிஸ்கவரி ஆஃப் இந்தியா' நூலுக்கும், கவிஞர் ஜீவனானந்த தாசின் 'வனலதா சென்' தொகுதிக்கும் ராய் அங்கே அட்டை வரைந்தார்.

பிபூதிபூஷணின் 'பதேர் பாஞ்சாலி' நாவலுடைய சிறுவர் பதிப்புக்கும் சித்திரம் தீட்டினார். அந்தச் சித்திரங்களுக்குள்ளேதான் திரைப்படம் கருக்கொண்டது. 1952இல் படப்பிடிப்புத் தொடங்கியபோதும் அவர் வேலையை விடவில்லை. விடுமுறை நாட்களே படப்பிடிப்பு நாட்களாயின. முறையான திரைக்கதைக்குப் பதில் அவர் கையில் இருந்தவை, காட்சி காட்சியாக வரைந்த கோட்டுச் சித்திரங்கள். 1955இல் படம் வெளிவந்தது. புகழ் பெற்ற பின்னும் தம் படங்களுக்குச் சுவரொட்டி வரைந்தார். 'ராய் ரோமன்' போன்ற ஆங்கில எழுத்துருக்களை உருவாக்கினார். 1961இல் 'சந்தேஷ்' இதழுக்கு மீண்டும் உயிரூட்டினார்.

நண்பர்களே, தொழில் அவர் கையைப் பழக்கியது; தொழிலுக்கு அப்பால் அவர் காத்துக்கொண்ட சிறு மூலையோ கலையைக் காத்தது. அந்த மூலையை விற்றுவிட்டால்தான் கலைஞன் மடிகிறான். நம்மில் பலருக்கு அத்தகைய மூலையாகப் பத்தாண்டுகள் விளங்கிய இவ்வட்டம் இன்னும் பல்லாண்டு வாழ்க.