சேட்டு கேட்காத கேள்வி

நடுவர் அவர்களே, எங்கள் அணித் தலைவர் அவர்களே, எதிரணியிலே அமர்ந்து நான் எங்கே சறுக்குவேன் என்று பேனாவைத் திறந்து வைத்துக் காத்திருக்கிற நண்பர்களே, ராத்திரிச் சமையலைச் சாயங்காலமே முடித்துவிட்டு முன்வரிசையிலே இடம் பிடித்திருக்கிற யானைக்கவுனித் தாய்மார்களே!

இணையத்தில் நம் அந்தரங்கம் பறிபோகப் பெரிதும் காரணம் மக்களின் அலட்சியமா, பறிப்பவர்களின் பேராசையா என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய அம்மையார் அலட்சியமே என்று அடித்துச் சொன்னார். இட்லியைத் தட்டில் வைத்தவுடன் படம் எடுத்துப் போடுகிறார்கள் என்றார். "குடும்பத்தோடு திருப்பதி போகிறோம்" என்று போட்டுவிட்டுப் போகிறான், திருடன் அதற்கு ஒரு லைக் போட்டுவிட்டு வீட்டுக்குள் வருகிறான் என்றார். நீங்கள் சிரித்தீர்கள், நானும் சிரித்தேன். ஆனால் இட்லிப் படம் போட்டவனுக்கு என்ன நஷ்டம்? இட்லி ஆறிப்போகும், அவ்வளவுதான். (சிரிப்பு) நான் இன்றைக்குப் பேசப்போவது எதையுமே போடாமல் பறிகொடுத்தவர்களைப் பற்றி.

இந்த ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். கவுனி என்றால் கோட்டை வாசல். 1769-இல் ஹைதர் அலியின் படை சென்னைப் பட்டணத்தின் வாசல்வரை வந்துவிட்டது. அதை ஒட்டிய ஆண்டுகளில்தான், கறுப்பர் பட்டணம் என்று அவர்கள் அழைத்த இந்தப் பகுதியைச் சுற்றிக் கம்பெனிக்காரன் மதில் எழுப்பினான். அந்த மதிலில் ஒரு வாசல் யானைக்கவுனி. வாசலும் போச்சு, மதிலும் போச்சு. ராயபுரம் பக்கம் மாடிப் பூங்காவிலே ஒரு துண்டு மட்டும் நிற்கிறது. மதில் செலவுக்கு ஜனங்களிடம் வரி வாங்கலாம் என்று பார்த்தார்கள், அது வசூலாகவில்லை. வால்டாக்ஸ் ரோடு என்கிற பெயர்தான் மிச்சம். இப்போது வ.உ.சி. சாலை என்று பலகை இருக்கிறது. ஆட்டோக்காரரிடம் வால்டாக்ஸ் என்று சொன்னால்தான் வண்டியைத் திருப்புகிறார். (சிரிப்பு)

நான் கேட்பது இதுதான். குதிரைப் படை வருகிறது என்றபோது, "ஆளுக்கொரு தடி வாங்கி அவரவர் வாசலிலே நின்றுகொள்ளுங்கள், கொள்ளை போனால் அது உங்கள் அலட்சியம்" என்று அந்தக் கம்பெனிக்காரன்கூடச் சொல்லவில்லையே! ஊருக்கு மதில் வேண்டும், வாசல் வேண்டும், வாசலுக்குக் காவல் வேண்டும் என்று அவனுக்கே தெரிந்திருந்தது. எதிரணி என்ன சொல்கிறது? ஆளுக்கொரு தடி வாங்கிக்கொள்ளச் சொல்கிறது. (கைதட்டல்)

மதில் போன பிறகும் இந்த ஊரிலே அந்தரங்கத்துக்கு ஒரு காவல் இருந்தது. எங்கே தெரியுமா? அடகுக் கடையிலே. இந்தப் பக்கம் சௌகார்பேட்டை, அந்தப் பக்கம் தங்கசாலை. ராயபுரத்திலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் ஒரு அம்மா வளையலைக் கைக்குட்டையிலே முடிந்துகொண்டு பஸ் ஏறி இங்கே வருவாள். ஏன், அவள் தெருவிலே அடகுக் கடை இல்லையா? இருக்கிறது. அங்கே போனால் எதிர்வீட்டுக்காரி பார்ப்பாள். பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரம். அதனாலே நாலு ஸ்டாப் தள்ளி, தெரிஞ்ச முகம் இல்லாத கடையாகப் பார்த்து நுழைவாள். "சேட்டு, இத்த வெச்சிக்கினு ஐயாயிரம் குடு." சேட்டு உரசிப் பார்ப்பார், எடை போடுவார், பேர் கேட்பார், விலாசம் கேட்பார், கணக்கில் எழுதி அடகுச் சீட்டைக் கையில் கொடுப்பார். 1943-ஆம் வருஷத்து அடகு பிடிப்போர் சட்டம் கணக்கும் சீட்டும் கட்டாயம் என்கிறது. வட்டியைப் பற்றிச் சேட்டுக்கு நான் சாட்சி சொல்ல வரவில்லை. அதற்குத் தனிப் பட்டிமன்றம் வைக்கலாம். (சிரிப்பு) ஆனால் சேட்டு ஒரு கேள்வி மட்டும் கேட்டதில்லை. "அம்மா, உங்க சொந்தக்காரங்க, சம்பந்தி, பால்காரர், உங்க பையனோட வாத்தியார், எல்லார் நம்பரையும் எழுதிக் கொடுங்க, அப்பத்தான் பணம்" என்று அவர் கேட்டதே இல்லை!

கைப்பேசியிலே வந்த கடைக்காரன் அதைத்தான் கேட்டான். ஐந்தே நிமிடத்தில் கடன், ஜாமீன் வேண்டாம், நகை வேண்டாம் என்றான்.

என் வகுப்பிலே ஒரு மாணவன். அப்பா துறைமுகத்திலே கூலி வேலை. அந்த மாதம் சம்பளம் தள்ளிப்போச்சு, பரீட்சைக் கட்டணம் கட்டக் கடைசி நாள் வந்துவிட்டது. ஏதோ ஒரு ஆப்பிலே மூவாயிரம் ரூபாய் கேட்டான். கையில் வந்தது இரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் கூட. ஏழே நாளில் மூவாயிரம் திருப்பிக் கட்ட வேண்டும். எட்டாம் நாள் காலையிலே என் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. அந்தப் பையனுடைய முகம். அதன்மேலே சிவப்பெழுத்திலே 'திருடன்'. கீழே, "இவனுக்கு நீங்கள்தான் ஜாமீன், உடனே பணம் கட்டவும்." நான் தமிழ் வாத்தியார், அவன் கைப்பேசியிலே என் பெயர் 'தமிழ் ஐயா'. அதே படம் அவனுடைய அம்மாவுக்குப் போயிருக்கிறது, மாவு மில்காரருக்குப் போயிருக்கிறது, கல்யாணம் ஆகி ஆறு மாசமான அக்காவின் மாமியாருக்கும் போயிருக்கிறது.

பத்து நாள் அவன் கல்லூரிக்கு வரவில்லை. ஆள் அனுப்பிக் கூப்பிட்டேன். வந்து நின்றவன் பணத்தைப் பற்றிப் பேசவில்லை. "உங்க நம்பர நான் குடுக்கல ஐயா. அதுவா எடுத்துக்கிச்சு" என்றான்.

எதிரணி உடனே சொல்லும், அவன்தானே 'அனுமதி' என்கிற பொத்தானை அழுத்தினான், அது அலட்சியம்தானே என்று. அழுத்தாவிட்டால் கடன் கிடைக்காது ஐயா! கிணற்றில் விழுந்தவனுக்குக் கயிற்றைக் காட்டி, "உன் ஊரார் பெயரை எல்லாம் எழுதிக் கொடு, அப்புறம் தூக்குகிறேன்" என்று சொன்னால், அவன் எழுதிக் கொடுப்பதற்குச் சம்மதம் என்றா பெயர்? சரி, சம்மதம் என்றே வைத்துக்கொள்வோம். அவன் சம்மதித்தான். நான் எப்போது சம்மதித்தேன்? அவனுடைய அக்கா மாமியார் எந்தப் பொத்தானை அழுத்தினார்? நகையை அடகு வைத்தால் நம்முடைய நகை மட்டும்தான் அடகு. கைப்பேசியைத் திறந்துவிட்டால் அதிலே இருக்கிற முந்நூறு பேரும் அடகு. (கைதட்டல்)

இது ஒரு பையன் கதை என்று தள்ளிவிட முடியாது. 2021 ஜனவரியிலே சென்னை மத்தியக் குற்றப் பிரிவு போலீசார் பெங்களூருக்குப் போய், இப்படிப்பட்ட கடன் ஆப் வழக்கிலே நாலு பேரைக் கைது செய்தார்கள். அதிலே இரண்டு பேர் சீன நாட்டவர். அதே மாதம் ரிசர்வ் வங்கி ஒரு குழு அமைத்தது. 2022 செப்டம்பரிலே விதி வந்தது. கடன் ஆப் எதுவும் கைப்பேசியின் தொடர்பு எண்களை, அழைப்புப் பட்டியலை, படங்களைத் தொடக் கூடாது என்றது. 2023-இல் கூகுள் தன் ப்ளே ஸ்டோரிலே அதே தடையைப் போட்டது. 2025-இல் ரிசர்வ் வங்கி விதிகளைத் திரட்டி மறுபடி வெளியிட்டபோதும் அந்தத் தடை நிற்கிறது. நடுவர் அவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ரிசர்வ் வங்கி யாரைப் பார்த்துச் சட்டம் பேசியது? "கடன் வாங்குகிறவர்களே, எண்களை எல்லாம் அழித்துவிட்டு வாருங்கள்" என்றா சொன்னது? பறிக்கிறவன் கையைப் பிடித்தது. குற்றம் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியும்.

தாய்மார்களுக்காக ஒரு வார்த்தை. ப்ளே ஸ்டோர் பக்கமே வராமல், வாட்ஸப்பிலே இணைப்பாக வருகிற கடன் ஆப் இன்னும் உலவுகிறது. அதைத் தொடாதீர்கள். மிரட்டல் வந்துவிட்டால் படத்தை அழிக்காதீர்கள், அதுதான் சாட்சி. 1930 என்கிற எண்ணுக்குப் போன் போடுங்கள். முக்கியமாக, பிள்ளையை அடிக்காதீர்கள். அவன் ஏற்கெனவே அடிபட்டுத்தான் வந்திருக்கிறான்.

தமிழ் வாத்தியாரைக் கூப்பிட்டால் தொல்காப்பியம் வராமல் இருக்குமா? வரும். (சிரிப்பு) நம் இலக்கியத்தையே அகம், புறம் என்று இரண்டாகப் பிரித்தவர்கள் நாம். அகப்பாட்டுக்குத் தொல்காப்பியர் ஒரு சட்டம் போட்டார். காதலைப் பாடலாம், கண்ணீரைப் பாடலாம், ஆனால் இன்னாருடைய காதல் என்று பெயரைச் சுட்டக் கூடாது. பெயர் தெரிந்தால் அது அகமாக இருக்க முடியாது.

இதிலே ஒரு நுட்பம் இருக்கிறது. பத்துப்பாட்டிலே நெடுநல்வாடை. நக்கீரர் பாடியது. அரண்மனையிலே தலைவனைப் பிரிந்து அரசி தவிக்கிறாள், பாசறையிலே தூக்கமில்லாமல் அரசன் நடக்கிறான். பெயர் எங்கேயும் கிடையாது. அசல் அகப்பாட்டு என்றுதான் தோன்றும். உரை எழுதிய நச்சினார்க்கினியர் ஓரிடத்திலே நிறுத்தினார். வேலிலே வேம்பு சூட்டியிருப்பதாக ஒரு சொல் வருகிறது. வேம்பு யாருக்கு அடையாளம்? பாண்டியனுக்கு. ஆள் யார் என்று தெரிந்துபோச்சு! ஆகவே இது புறம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஊர் சொல்லவில்லை, பேர் சொல்லவில்லை, ஒரு வேப்பந்தழை காட்டிக்கொடுத்துவிட்டது. இன்றைக்குக் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரன் செய்கிற வேலை என்ன? வேப்பந்தழை பொறுக்குகிறான். நீங்கள் பெயரே சொல்ல வேண்டாம். தினம் எத்தனை மணிக்குப் பேசின் பிரிட்ஜ் தாண்டுகிறீர்கள், ராத்திரி எந்த இடத்திலே கைப்பேசி தூங்குகிறது, எந்த மருந்துக் கடையிலே என்ன வாங்கினீர்கள், இது போதும் அவனுக்கு. இத்தனை தழையையும் மறைத்துக்கொண்டு நடமாடு என்றால், ஜனங்கள் எப்படி ஐயா நடமாடுவது?

இப்போது கொஞ்சம் கனமான விஷயத்துக்கு வருகிறேன். 2024 டிசம்பர் 23. சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்திலே ஒரு மாணவிக்குக் கொடுமை நடந்தது. அந்தப் பெண் பயந்து ஒளியவில்லை, போலீசுக்குப் போனாள், புகார் கொடுத்தாள். அடுத்த ஒன்றிரண்டு நாளிலே அந்த எஃப்.ஐ.ஆர். ஊரெல்லாம் கைப்பேசியிலே சுற்றியது, பெயர், விலாசம், போன் நம்பர் எல்லாவற்றோடும். போலீசின் இணையதளத்திலே பூட்டியிருக்க வேண்டிய ஆவணம் பூட்டப்படவில்லை. பழைய தண்டனைச் சட்டத்திலிருந்து புதிய சட்டத்துக்கு மாற்றும்போது கணினியிலே வந்த கோளாறு என்று விளக்கம் சொன்னார்கள். டிசம்பர் 28-இல் சென்னை உயர் நீதிமன்றம் மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகளைக் கொண்டு விசாரிக்கச் சொன்னது, அந்தப் பெண்ணுக்கு அரசு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தர வேண்டும் என்றது. குற்றவாளிக்கு 2025 ஜூனிலே ஆயுள் தண்டனை விழுந்தது. வழக்கு முடிந்தது. ஆனால் சுற்றின காகிதத்தைத் திருப்பி வாங்க எந்தக் கோர்ட்டிலே வழக்குப் போடுவது?

இதே தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலே 1994-ஆம் வருஷமே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. ஆட்டோ சங்கரின் தன் வரலாற்றை நக்கீரன் பத்திரிகை வெளியிட இருந்தது, அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள். (அந்த நக்கீரர் வேப்பந்தழையிலே மாட்டினார், இந்த நக்கீரன் கோர்ட்டிலே ஜெயித்தார்!) (சிரிப்பு) நீதிபதிகள் பத்திரிகைக்கு உரிமை உண்டு என்றார்கள். அதோடு, ஒவ்வொரு மனிதனுக்கும் தனித்து விடப்படும் உரிமை உண்டு என்றார்கள். அரசாங்கப் பதிவேட்டிலே இருப்பதை வெளியிடலாம், ஆனால் பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்ணின் பெயர் மட்டும், பதிவேட்டிலே இருந்தாலும், வெளியே வரக் கூடாது என்று தனியாக எழுதினார்கள். முப்பது வருஷம் கழித்துப் பதிவேடே வெளியே நடந்து வந்துவிட்டது.

2017 ஆகஸ்ட் 24-இல் ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, அபராதம் 250 கோடி ரூபாய் வரை. அதற்கு விதிகள் வர 2025 நவம்பர் ஆயிற்று. அந்த விதிகளிலும் முக்கியமான கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். திருடனுக்குக்கூடப் போலீஸ் இவ்வளவு முன்னறிவிப்புக் கொடுப்பதில்லை. (சிரிப்பு, கைதட்டல்)

இன்னும் ஒன்று. 2025 ஜூலையிலே சென்னை உயர் நீதிமன்றத்திலே ஒரு பெண் வழக்கறிஞரின் வழக்கு. நம்பிப் பழகியவன் அவருக்குத் தெரியாமல் எடுத்த படங்கள் இணையதளங்களிலே பரவிவிட்டன. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், 48 மணி நேரத்திலே நீக்குங்கள் என்று மத்திய அரசுக்கு உத்தரவு போட்டார். ஒரு இடத்திலே நீக்கினால் வேறு இடத்திலே முளைத்தது. சட்டம் படித்தவருக்கே இந்தக் கதி.

"எனக்கு மறைக்க ஒன்றுமில்லை, பார்த்துவிட்டுப் போகட்டுமே" என்றார் அம்மையார். அவரிடம் பணிவாக ஒன்று கேட்கிறேன். வளையலை முடிந்துகொண்டு நாலு ஸ்டாப் தள்ளிப் போன அந்தத் தாய் எந்தக் குற்றத்தை மறைத்தாள்? கஷ்டத்தை மறைத்தாள். மகள் கல்யாணம் நிற்கக் கூடாது என்று மறைத்தாள். வீட்டுக்குக் கதவு வைக்கிறோமே, உள்ளே கொலையா நடக்கிறது? ஆள் துணி மாற்றுகிறார்கள், அழுகிறார்கள், சண்டை போட்டுச் சமாதானம் ஆகிறார்கள். அதற்கெல்லாம் கதவு வேண்டியிருக்கிறது.

நடுவர் மணியிலே கை வைத்துவிட்டார். ஜாக்கிரதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நானும் என் கைப்பேசிக்குப் பூட்டுப் போட்டிருக்கிறேன். அடுத்துப் பேச வருகிற எதிரணித் தம்பி ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லட்டும். போலீசை நம்பிப் புகார் எழுதிக் கொடுத்த அந்த மாணவி, தன்னுடைய கைப்பேசியிலே எந்த செட்டிங்கை மாற்றியிருக்க வேண்டும்?