பங்குத்தொகையும் வாக்குச் சீட்டும்

இராசிபுரத்துப் பெருமக்களே, தாய்மார்களே, தறியை நிறுத்திவிட்டும் சேகோ ஆலையில் அரைநாள் கூலியை இழந்தும் இங்கே வந்து அமர்ந்திருக்கும் தோழர்களே,

உள்ளாட்சியைப் பற்றிப் பேச எழுந்தவர்கள் எல்லோரும் முதலில் உத்திரமேரூருக்குப் போய்விட்டுத்தான் திரும்புகிறார்கள். நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன், ஆனால் அவர்கள் சொல்லாமல் விடுகிற விஷயத்தைச் சொல்வதற்காக. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அந்தச் சபை மண்டபத்துச் சுவரில் வெட்டப்பட்ட சாசனம் குடவோலை முறையை விவரிக்கிறது என்பது உண்மை. ஓலையில் பெயரெழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் அந்தக் குடத்துக்குள் விழும் யோக்கியதை யாருக்கு இருந்தது? வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவனுக்கு, சொந்த மனையில் வீடு கட்டியிருந்தவனுக்கு, வேதம் கற்றவனுக்கு. அந்த நிலத்தை உழுதவனுடைய பெயர் எந்த ஓலையிலும் இல்லை. அவன் வீட்டுப் பெண்ணின் பெயரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

ஆயிரம் ஆண்டுகள் கழிந்த பிறகும், வெள்ளைக்காரன் சட்டசபைக்கு வாக்களிக்கும் பாத்தியதையைத் தந்தபோது, சொத்து உண்டா, வரி கட்டினாயா என்று கேட்டுத்தான் தந்தான். அந்தக் கேள்வியைக் குப்பையில் எறிந்தது சுதந்திர இந்தியாவின் அரசியல் சாசனம். 1952இல் அன்றைய சேலம் ஜில்லாவிலே மிராசுதாரும் அவருடைய பண்ணையாளும் ஒரே வரிசையில் நின்று, ஒரே நிறையுள்ள சீட்டைப் பெட்டியிலே போட்டார்கள். அன்று ஒழிந்துவிட்டதாக நாம் நம்பிய சொத்துத் தகுதி, இன்று வேறொரு வாசல் வழியாக, நம் தெருச் சாக்கடை வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது என்பதுதான் இந்த மேடையில் நான் சொல்ல வந்த குற்றச்சாட்டு.

நமக்கு நாமே திட்டம் என்று ஒன்று இருக்கிறது. 1997-98இல் தொடங்கி, 2011இல் தன்னிறைவுத் திட்டம் என்று பெயர் மாறி, 2021இல் பழைய பெயரோடு மீண்டும் வந்தது. ஊர் ஜனங்கள் தங்களுக்கு வேண்டிய பொதுவேலையைத் தாங்களே சொல்லி, மதிப்பீட்டில் பொதுவாக மூன்றில் ஒரு பாகத்தைத் தங்கள் பங்காகச் செலுத்தினால், மற்றப் பாகத்தைச் சர்க்கார் மானியமாகத் தரும். கட்சி எதுவானாலும் இந்த ஏற்பாட்டைக் கைவிடவில்லை. ஆகையால் நான் எந்தக் கட்சியையும் தாக்கவில்லை. ஜனங்களைப் பங்காளிகளாக்க வேண்டும் என்ற அதன் உத்தேசத்தை நான் வணங்குகிறேன். அது நடக்கிற விதத்தைத்தான் எதிர்க்கிறேன்.

போதமலை கண்ணுக்குத் தெரிகிற என் சொந்த ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். லாரி முதலாளிகளும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிக்காரர்களும் குடியிருக்கும் தெரு ஒன்று. சேகோ ஆலைக்குக் கிழங்கு உரிக்கிற, தறி ஓட்டுகிற அறுபது வீடுகள் கொண்ட காலனி ஒன்று. இருக்கிற சாலையின் மேலேயே கான்கிரீட் போட வேண்டும் என்று அந்தத் தெரு கேட்டது. மழைத் தண்ணீர் அடுப்பங்கரைக்குள் புகாமலிருக்க ஒரு சாக்கடை வேண்டும் என்று காலனி கேட்டது. இரண்டுக்கும் மதிப்பீடு ஏறக்குறைய 9 லட்சம். செலுத்த வேண்டிய பங்கு 3 லட்சம். தெருவில் நாலு பேர் காப்பி குடித்துக்கொண்டே அதைப் பேசி முடித்து, மறுநாள் காலையில் வங்கிக்குப் போய்வந்தார்கள். காலனியில் வீட்டுக்கு 5,000 ரூபாய் விழுந்தது. சீட்டுப் போட்டார்கள், தாலிக்கொடியைக்கூட அடகு வைக்கத் துணிந்தாள் ஒரு மூதாட்டி. நாலு மாதத்தில் பாதிகூடச் சேரவில்லை. மானியமான 6 லட்சம் எங்கே போயிற்று என்று நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா? அந்த 6 லட்சமும் எவர் வீட்டுப் பணம்? தீப்பெட்டி முதல் செருப்பு வரை காசு கொடுத்து வாங்கும் ஒவ்வொருவரும், அந்த அறுபது வீட்டாரும் சேர்ந்தே, வரியாகக் கொடுத்த பணம்.

"இலவசமாகக் கிடைத்தால் ஜனங்கள் அதன் அருமை அறியமாட்டார்கள், கைப்பணம் போட்டால்தான் காப்பாற்றுவார்கள்" என்று ஓர் ஆட்சேபம் உண்டு. இதைச் சொல்பவர்கள் மூக்கனேரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். 2010இல் கன்னங்குறிச்சிப் பக்கம் பாழ்பட்டுக் கிடந்த அந்த ஏரியைச் சேலம் மக்கள் குழு பொறுப்பேற்று, நன்கொடையும் உழைப்பும் திரட்டித் தூர்வாரி, எடுத்த மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுகளாக எழுப்பி, மரம் நட்டது. இன்று அங்கே பறவை அடைகிறது. கொடுக்க முடிந்தவன் மனமுவந்து கொடுப்பது தர்மம், அதை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். கொடுக்க முடியாதவனைப் பார்த்து, கொடுத்தால்தான் உனக்கு வாசல் திறக்கும் என்பது தர்மம் அல்ல, சுங்கச்சாவடி. ஏழைகளுக்குப் பங்கைக் குறைத்துவிடலாமே என்பார்கள். சுங்கத்தைக் குறைத்தாலும் சாவடி சாவடிதான்.

ஆகவே, எந்த வேலைக்கு மானியம் என்பதைப் பணப்பை தீர்மானிக்கக் கூடாது. வாக்கு தீர்மானிக்க வேண்டும். அதற்கான சபை நமக்குப் புதிதாக வேண்டியதில்லை. 1994ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் ஊர்த் திட்டத்தையும் வரவு செலவையும் அங்கீகரிக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்குத் தந்திருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை அது கூடுகிறது. ஆனால் கூடி என்ன நடக்கிறது? முன்கூட்டியே எழுதிய தீர்மானத்தை ஒருவர் வேகமாக வாசிக்கிறார், நோட்டுப் புத்தகம் சுற்றி வருகிறது, கையெழுத்து, ரேகை, கலைந்து போகிறோம். 500 பேர் உள்ள ஊரில் 50 பேர், பதினாயிரத்துக்கு மேற்பட்ட ஊரில் 300 பேர் வரவேண்டும் என்ற கணக்கை நிரப்பவே நம்மைத் தேடி வருகிறார்கள். நம் அபிப்பிராயத்தைத் தேடி ஒருவரும் வருவதில்லை.

நான் கேட்பது இதுதான். சபையில் ஒவ்வொரு வேலையையும் அதை விரும்புகிறவர்களே எழுந்து நின்று வாதாடட்டும். மதிப்பீட்டைப் பொறியாளர் எல்லோருக்கும் புரியும் தமிழில் சொல்லட்டும். பிறகு வேலைக்கு ஒரு மண்குடம் வையுங்கள். எழுத்தறியாத பாட்டிக்கும் விளங்கும்படி அதன் மேல் குழாயோ விளக்கோ பாலமோ படமாக வரையுங்கள். பதினெட்டு வயது நிரம்பிய ஒவ்வொருவரும் திரைக்குப் பின்னால் தனியே சென்று சீட்டைப் போடட்டும். கை தூக்கச் சொல்லாதீர்கள். கூலி கொடுக்கிறவன் பார்த்துக்கொண்டிருக்கும்போது தூக்குகிற கை சுதந்திரமான கை அல்ல. சபையின் கண்ணெதிரே எண்ணி, முதலில் வந்த வேலைக்கு முதலில் மானியம் தாருங்கள். பங்குத்தொகையை அதற்கப்புறம் கேளுங்கள். பணம் இல்லாதவன் உழைப்பாகத் தரட்டும்.

பெரும்பான்மைச் சாதி தன் தெருவுக்கே எல்லாச் சீட்டையும் போட்டுக்கொள்ளாதா என்று நண்பர் ஒருவர் நேற்று கேட்டார். இது கனமான கேள்வி. இதற்கு விடை சொல்லாத எவனும் வாக்கைப் பற்றிப் பேசக் கூடாது. வாக்கு மட்டும் போதாது. வாக்குக்கு முன்னால் ஒரு பங்கீடு வேண்டும். பிரேசில் தேசத்துப் போர்ட்டோ அலெக்ரி நகரம் 1989 முதல் வரவு செலவை ஜனங்களின் கூட்டங்களில் தீர்மானித்தபோது, வசதி குறைந்த பகுதிக்கு அதிக நிறை தந்துதான் நிதியைப் பிரித்தது. நம் பக்கத்துக் கேரளம் 1996இல் மக்கள் திட்டத்தைத் தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பாகத்துக்கு மேல் உள்ளாட்சிகளிடமே கொடுத்தபோது, தாழ்த்தப்பட்டோருக்கும் பெண்களுக்கும் உரிய பாகத்தைத் தனியே ஒதுக்கி வைத்தது. அதுபோலக் காலனிக்குரிய பாகத்தை முதலில் பிரித்து வையுங்கள். அதை எதற்குச் செலவிடுவது என்பதைக் காலனியே வாக்களித்துச் சொல்லட்டும். எஞ்சியதற்கு ஊர் முழுவதும் வாக்களிக்கட்டும்.

நகரத்தார் இது கிராமத்து விவகாரம் என்று இருந்துவிட வேண்டாம். 2022 நவம்பர் 1 முதல் நகரங்களிலும் பகுதி சபைகள் கூட்டப்படுகின்றன. சேலம் மாநகராட்சியின் 60 வார்டுகளிலும் திருமணிமுத்தாற்றின் நாற்றத்தைச் சுவாசிக்கிறவர்கள், எந்த வேலை முதலில் என்று கேட்கப்படும் பாத்தியதை உடையவர்களே.

வருகிற அக்டோபர் 2ஆம் தேதி கிராம சபைக்குத் தறியை நிறுத்திவிட்டு இன்று போலவே வாருங்கள். நான் சொன்னவற்றைத் தீர்மானமாக எழுதி, மேடையின் இடப்புறம் நகல்கள் வைத்திருக்கிறோம். ஊருக்கு ஒன்று எடுத்துச் செல்லுங்கள். நோட்டுப் புத்தகம் உங்களிடம் வரும்போது, கையெழுத்திடும் முன், இந்தத் தீர்மானத்தைச் சபையில் வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்கும் வரையில் பேனாவைத் தொடாதீர்கள்.