நரம்பியல் அறிஞர் கழகங்களும் இளைஞர்க்குரிய இடமும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



நரம்பியல் மருத்துவர்களின் கழகங்களைப் பற்றிப் பேச ஓர் அரசுப் பள்ளித் தலைமையாசிரியனுக்கு என்ன தகுதி உண்டு என்று நீங்கள் வினவலாம். தகுதி ஏதுமில்லை. நான் பயின்றது வரலாறு. ஆயினும், என்னிடம் பயின்று மருத்துவரான மாணவர் ஒருவர், இப்பொழுது நரம்பியலில் மேற்படிப்புப் படிக்கிறார். சென்ற பொங்கலுக்கு ஊருக்கு வந்தவர் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, "ஐயா, இரண்டு ஆண்டுகள் மாநாட்டிற்குச் சென்று, கடைசி வரிசையில் அமர்ந்து கேட்டுவிட்டுத் திரும்பினேன். நானும் ஆய்வுச் சுருக்கம் அனுப்பலாம் என்பதும், மாணவர்க்குப் பயண உதவி கிடைக்கக்கூடும் என்பதும் எனக்குத் தெரியாது. உடன் படிப்பவர்களுக்கு அவர்கள் வீட்டிலேயே சொல்லியிருக்கிறார்கள்" என்றார். அவ்வீடுகளில் தந்தையும் மாமனும் மருத்துவர்கள். இவர் தந்தையோ செங்கற்சூளையில் பணி செய்தவர். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அவருக்கு இதனைச் சொல்லியிருக்க வேண்டியவன் நான், எனக்கே தெரியாது. அதன் பின்னர்த் தேடிப் படித்தவற்றைத்தான் இன்று உங்கள் முன் வைக்கின்றேன்.

அறிஞர் கழகம் என்பது பெயருக்குப் பின்னால் சில எழுத்துகளைச் சேர்த்துக்கொள்வதற்கான இடம் என்றே நானும் எண்ணியிருந்தேன். ஆசிரியர் சங்கத்திற்கு இருபத்தெட்டு ஆண்டுகள் சந்தா கட்டியவன் நான். ஒரு கூட்டத்திலேனும் எழுந்து என் வகுப்பறை அனுபவத்தைக் கட்டுரையாகப் படித்ததில்லை. இது நிற்க.

அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர் நிகழ்ந்தது. குண்டடிபட்டு நரம்பு அறுந்த வீரர்கள் ஏராளமானோர் மருத்துவமனைகளுக்கு வந்தனர். பிலடெல்பியாவில் அத்தகையோரைக் கவனித்த வெயர் மிட்செல் என்னும் மருத்துவர், வெட்டி நீக்கப்பட்ட காலின் பாதம் இன்னும் வலிக்கிறது என்று வீரர் கூறியதை எள்ளி நகையாடாமல் ஆராய்ந்தார். போர்க்காலத்தில் படையின் தலைமை மருத்துவராயிருந்த வில்லியம் ஹாமண்ட், பின்னர் நியூயார்க்கில் நரம்பு நோய்களுக்கே தம் தொழிலை ஒதுக்கி, 1871-இல் அத்துறைக்கு ஒரு பாடநூலும் எழுதினார். இத்தகையோர் எழுவர் கையொப்பமிட்டு அழைக்க, 1875-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அமெரிக்க நரம்பியல் கழகம் நியூயார்க்கில் கூடியது. தலைமைப் பதவி மிட்செலுக்கு அளிக்கப்பட்டது; அவர் ஏற்கவில்லை. சிகாகோவைச் சேர்ந்த ஜூவெல் முதல் தலைவரானார். இவர் அதற்கு முந்தைய ஆண்டிலேயே நரம்பு நோய்க்கும் மன நோய்க்குமாக ஓர் ஆய்விதழைத் தொடங்கியிருந்தார். அவ்விதழை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் அதனிடம் வருவேன்.

இக்கழகம் அறிவிற் சிறந்தோரைக் கொண்டிருந்தது. ஆனால் அதன் வாயில் குறுகியது. உள்ளிருப்போர் தேர்ந்தெடுத்தாலன்றி வெளியிலிருப்போர் நுழைய இயலாது. பெயர் பெற்ற பின்னரே இடம் கிடைத்தது. பெயர் பெறுவதற்கு வேண்டிய மேடையோ உள்ளேதான் இருந்தது! இரண்டாம் உலகப் போருக்குப் பின் நரம்பியலில் பயிற்சி பெற விரும்பிய இளம் மருத்துவர் பலர் இருந்தும், அவர்கள் கூடிப் பேசத் தக்க இடமில்லை. மின்னசோட்டாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பேக்கர் இதனைக் கண்டார். பழைய கழகத்தோடு வழக்காடிக் கொண்டிராமல், தம் ஒத்த வயதினர் சிலருடன் சேர்ந்து 1948-இல் அமெரிக்க நரம்பியல் அகாதமியை நிறுவினார். 1949-இல் இந்தியானா மாநிலத்தின் பிரெஞ்சு லிக் என்னும் சிற்றூரில் முதல் ஆண்டு மாநாடு நடந்தது. 1951-இல் 'நியூராலஜி' என்னும் இதழ் டிஜாங் என்பாரை ஆசிரியராகக் கொண்டு வெளிவந்தது. பயிற்சி நிலையில் இருந்தோரையும் சேர்த்துக்கொண்ட அவ்வமைப்பில் இன்று 40,000-க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் உள்ளனர். மருத்துவக் கல்லூரி மாணவரிடம் அது சந்தா வாங்குவதில்லை.

பழைய கழகமும் அப்படியே இருந்துவிடவில்லை. கல்லூரிகளில் கற்பித்துக்கொண்டே ஆராயும் நரம்பியல் அறிஞரின் கழகம் என்பது இன்றும் அதன் அடையாளம். எனினும் இளையோர்க்கும் இன்று அங்கே இடமுண்டு. ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் மாநாடு கூட்டுகிறது. அங்கே பக்கவாதம், வலிப்பு, மறதி நோய் எனத் தனித்தனிக் குழுக்கள் அமர்ந்து பேசுகின்றன. ஆய்வுக்கு நிதி கேட்டு விண்ணப்பம் எழுதுவது எப்படி, துறைத் தலைமையை நடத்துவது எப்படி என்றெல்லாம் பயிற்சி வகுப்புகளும் உண்டு. 1977 முதல் 'அன்னல்ஸ் ஆஃப் நியூராலஜி' என்னும் இதழும், 2014 முதல் மற்றோர் இதழும் அதன் சார்பில் வருகின்றன. இளம் ஆய்வாளர்க்கு டெனி பிரவுன் பெயரால் ஒரு விருது வழங்கப்படுகிறது. நரம்பியலைச் சிறப்பாகக் கற்பிக்கும் ஆசிரியர்க்கும் ஒரு விருது உண்டு. அதனைப் படித்தபோது இந்தப் பள்ளிக்கூட வாத்தியாருக்குச் சற்று மகிழ்ச்சி உண்டாயிற்று.

இவற்றுள் நம் இளைஞர் கருத்தூன்றிக் கேட்க வேண்டியது விளக்கத் தட்டி என்னும் ஏற்பாடு. ஒரு மாணவர் தாம் கண்ட நோயாளி ஒருவரைப் பற்றியோ, செய்த சிறு ஆய்வைப் பற்றியோ ஒரு பக்கச் சுருக்கம் எழுதி அனுப்புகிறார். கழகத்தின் வல்லுநர் அதனைப் படித்து ஏற்றுக்கொண்டால், அதனைப் படங்களுடன் ஒரு பெரிய தாளில் அச்சிட்டு, மாநாட்டுக் கூடத்தில் மாட்டி, அதன் அருகே நிற்க வேண்டும். அவ்வளவுதான். எந்நூலைப் படித்துத் தேர்வெழுதினாரோ அந்நூலின் ஆசிரியரே அவ்வழியே வந்து நின்று, "இந்த நோயாளிக்கு இச்சோதனையை ஏன் செய்யவில்லை?" என்று கேட்கக்கூடும். தடுமாறி விடை சொல்லலாம். தெரியாது என்றும் சொல்லலாம். எவரும் குறைவாக எண்ணார். அடுத்த ஆய்வுக்கான வழியும், மேற்படிப்புக்கான பரிந்துரைக் கடிதமும் பல சமயம் அந்தப் பத்து நிமிட உரையாடலிலேயே பிறக்கின்றன. வீட்டில் மருத்துவர் இல்லாத பிள்ளைக்கு அந்தப் பத்து நிமிடம் எத்தகைய செல்வம் என்பதை நான் விளக்க வேண்டுவதில்லை.

இனி அந்த இதழுக்கு வருகின்றேன். சாலமன் கார்ட்டர் ஃபுல்லர் என்றொரு கறுப்பின மருத்துவர் இருந்தார். அவர் பாட்டனார் வர்ஜீனியாவில் அடிமையாயிருந்து, தம் விடுதலையைத் தாமே விலை கொடுத்து வாங்கி, லைபீரியா நாட்டிற்குச் சென்றவர். 1872-இல் அங்கே பிறந்த ஃபுல்லர் அமெரிக்கா சென்று, 1897-இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் ஜெர்மனியின் மியூனிக் நகரில், மறதி நோய்க்கு இன்று எவர் பெயர் வழங்குகிறதோ அந்த ஆல்சைமரிடமே பயின்றார். 1912-இல் அந்நோயைப் பற்றி அதுவரை உலகில் வெளிவந்த செய்திகளையெல்லாம் தொகுத்தாய்ந்து அவர் எழுதிய கட்டுரை, ஜூவெல் தொடங்கிய அதே இதழில் வெளிவந்தது. பாஸ்டனில் நரம்பியல் துறையின் தலைமைப் பணியைப் பல ஆண்டுகள் அவர் செய்தார். தலைவர் என்ற பெயர் அவருக்குத் தரப்படவில்லை. 1933-இல் அவரினும் இளைய வெள்ளையர் ஒருவர் முழுப் பேராசிரியராகவும் தலைவராகவும் ஆக்கப்பட்டபோது, ஃபுல்லர் பணியினின்று விலகினார். அவருக்கு அந்நாற்காலி கிட்டவில்லை. ஆனால் 1912-ஆம் ஆண்டுக் கட்டுரை அச்சில் இருந்தது. மறதி நோயின் வரலாற்றை எழுதுவோர் பிற்காலத்தில் அதனைத் தேடி எடுத்தனர். பாஸ்டனில் ஒரு மனநல மையம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கடல் கடந்த செய்தி நமக்கெதற்கு என்று எண்ண வேண்டா. இந்திய நரம்பியல் சங்கம் 1951-இல் நம் சென்னையில்தான் தோன்றியது. வேலூரில் நரம்பு அறுவை மருத்துவத்தைத் தொடங்கிய ஜேக்கப் சாண்டி, சென்னைப் பொது மருத்துவமனையின் இராமமூர்த்தி, நரசிம்மன், பல்தேவ் சிங் ஆகிய நால்வரே அதனைத் தொடங்கினர். நான்கு பேர்! நம் சங்கத்தின் முதற்கூட்டத்திற்கு வந்தோர் அதனினும் மிகுதி. மருந்து கொடுக்கும் நரம்பியலார்க்கெனத் தனியே இந்திய நரம்பியல் அகாதமி 1992-இல் ஏற்பட்டது. இரண்டும் ஆண்டு மாநாடுகள் நடத்துகின்றன, இதழ்களும் வெளியிடுகின்றன.

தலைவர் அவர்கள் மணியை எடுத்துவிட்டார்கள், முடித்துக்கொள்கிறேன். மருத்துவம், செவிலியர் படிப்பு, இயன்முறை மருத்துவம் முதலியவற்றில் பயிலும் நம் பிள்ளைகள், தத்தம் துறையில் எந்தக் கழகம் உள்ளது, மாணவர் உறுப்பினராவதற்கு என்ன கட்டணம், ஆய்வுச் சுருக்கம் அனுப்பக் கடைசி நாள் எது என்பவற்றை விசாரித்து எழுதி வரவேண்டும். அவற்றைப் படிப்பகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டச் செயலாளர் இசைந்துள்ளார். நான் முதலிற் கூறிய அந்த மாணவர், இவ்வாண்டு தம் முதல் சுருக்கத்தை அனுப்பியிருக்கிறார். முடிவு இன்னும் வரவில்லை. அடுத்த விடுமுறையில் படிப்பகத்திற்கு வந்து, அதனை எழுதிய முறையை உங்களுக்குக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். அன்று முன் வரிசையில் அமருங்கள்.